வைக்கோலுக்குள் ஒரு சர்க்கரைப் பானை

நெற்பயிர் ஒன்றே, அது நமக்குத் தருவது இரண்டு. ஒன்று நெல், மற்றொன்று வைக்கோல். நெல் குத்தப்பட்டு அரிசியாகி நம் இலைக்கு வருகிறது. வைக்கோல் மாட்டின் முன் போகிறது, அல்லது போராகக் குவிந்து கிடக்கிறது. வட இந்தியாவில் பல இடங்களில் அது வயலிலேயே தீக்கு இரையாகிறது. அரிசிக்கு உள்ள மதிப்பு வைக்கோலுக்கு இல்லை. ஆனால் வேதியியல் கண்ணாடியை அணிந்து பார்த்தால் ஒரு வியப்பு காத்திருக்கிறது. அரிசியின் மாவும் வைக்கோலின் நாரும் ஒரே சர்க்கரையால் ஆனவை! அந்தச் சர்க்கரையின் பெயர் குளுக்கோஸ்.

அப்படியானால் நாம் ஏன் வைக்கோலைத் தின்று பசியாற முடிவதில்லை? அதற்குள் இருக்கும் சர்க்கரையை வெளியே எடுக்க வழி உண்டா? இந்த இரண்டு கேள்விகளுக்கும் விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஒரே மணி, இரு மாலை

குளுக்கோஸை ஒரு சிறு மணி என்று வைத்துக்கொள்வோம். ஆயிரக்கணக்கான மணிகளை ஒரே பக்கம் பார்த்தபடி கோத்தால் அந்த மாலை சுருள் சுருளாக வளையும். அதுவே ஸ்டார்ச் எனப்படும் மாவுப்பொருள். அதே மணிகளை ஒன்று நிமிர்ந்தும் அடுத்தது தலைகீழாகவும் மாற்றி மாற்றிக் கோத்தால் மாலை வளையாமல் குச்சிபோல் நீண்டு நிற்கும். அதுவே செல்லுலோஸ். முதல் வகைக் கோப்புக்கு ஆல்ஃபா பிணைப்பு என்றும், இரண்டாவதற்குப் பீட்டா பிணைப்பு என்றும் பெயர்.

சோற்றை வாயிலிட்டு நன்றாக மென்றுகொண்டே இருந்தால் சிறிது நேரத்தில் இனிப்புத் தட்டும். நம் உமிழ்நீரில் உள்ள நொதி ஸ்டார்ச் மாலையை அறுத்துவிடுவதே காரணம். ஆனால் செல்லுலோஸ் மாலையை அறுக்கும் கத்தரி நம் உடலில் இல்லை. பஞ்சை எவ்வளவு மென்றாலும் பஞ்சு பஞ்சாகவே இருக்கும்.

நம் பள்ளி ஆய்வகத்தில் இன்னொரு சோதனையும் செய்யலாம். சோற்றுக் கஞ்சியில் ஒரு துளி அயோடின் கரைசலை விட்டால் கருநீலம் தோன்றும். பஞ்சில் விட்டால் அந்த நீலம் வராது. ஸ்டார்ச்சின் சுருளுக்குள் அயோடின் புகுந்து கொள்ளும். நேராக நிற்கும் செல்லுலோஸில் அதற்கு இடமில்லை. மணி ஒன்றாக இருந்தும், கோத்த விதத்தால் குணம் மாறிவிடுகிறது, பார்த்தீர்களா?

கந்தையிலிருந்து சர்க்கரை

நம் புதுச்சேரியோடு நெடுங்காலத் தொடர்புடைய பிரான்சு தேசத்தில்தான் இந்தக் கதை தொடங்குகிறது. அங்கே நான்சி நகரின் தாவரவியல் பூங்காவுக்கு இயக்குநராக இருந்தவர் ஆன்ரி பிராக்கொன்னோ. அவர் 1819-ஆம் ஆண்டில் ஒரு விந்தையை உலகுக்கு அறிவித்தார். பழைய சணல் துணியையும் மரத்தூளையும் கந்தக அமிலத்தில் கரைத்து, நீர் சேர்த்துக் கொதிக்க வைத்துச் சர்க்கரையாக மாற்றிக் காட்டினார். அதைவிட வியப்பானது, எடுத்த கந்தையின் எடையைக் காட்டிலும் கிடைத்த சர்க்கரையின் எடை கூடுதலாக இருந்தது!

இது மாயமல்ல, கணக்குத்தான். செல்லுலோஸின் ஒவ்வொரு பிணைப்பும் அறும்போது ஒரு நீர் மூலக்கூறு அங்கே வந்து சேர்ந்து கொள்கிறது. அதனால் 162 கிராம் செல்லுலோஸ் முழுமையாக உடைந்தால் 18 கிராம் நீரையும் சேர்த்துக்கொண்டு 180 கிராம் குளுக்கோஸாகிறது. நீரால் பிளக்கப்படுவதால் இதை நீராற்பகுப்பு என்கிறோம்.

அதே நாட்டைச் சேர்ந்த அன்செல்ம் பாயென் என்பவர் 1833-இல் பெர்சோ என்பவரோடு சேர்ந்து, முளைவிட்ட தானியத்தில் ஸ்டார்ச்சைச் சர்க்கரையாக்கும் நொதியைக் கண்டறிந்தார். அதற்கு டயஸ்டேஸ் என்று பெயரிட்டனர். பின்னர் 1838-இல் மரத்திலிருந்து நாரைப் பிரித்தெடுத்து ஆராய்ந்து, செல்லுலோஸ் என்ற பொருளை இனங்காட்டியவரும் பாயெனே.

பூட்டு எது? சாவி எது?

பஞ்சு ஏறக்குறைய முழுவதும் செல்லுலோஸ்தான். வைக்கோல் அப்படியல்ல. நூறு கிலோ உலர்ந்த வைக்கோலில் ஏறத்தாழ 35 கிலோ செல்லுலோஸ், 20 முதல் 25 கிலோ ஹெமிசெல்லுலோஸ், 10 முதல் 15 கிலோ லிக்னின் ஆகியவை உண்டு. எஞ்சியதில் பெரும் பங்கு சிலிக்கா நிறைந்த சாம்பல் சத்து. வைக்கோல் கையில் அறுப்பதற்கு இந்தச் சிலிக்காவும் ஒரு காரணம்.

இவை எப்படி அமைந்துள்ளன? கான்கிரீட் தூணை நினைத்துக்கொள்ளுங்கள். உள்ளே நிற்கும் இரும்புக் கம்பிகள்தாம் செல்லுலோஸ். அவற்றைப் பிணைக்கும் கட்டுக்கம்பி ஹெமிசெல்லுலோஸ். எல்லாவற்றையும் மூடி இறுகி நிற்கும் சிமெண்டுக் கலவை லிக்னின். பயிர் காற்றில் ஒடியாமல் நிற்பதும், மழையில் ஊறிக் கரையாமல் இருப்பதும் இந்த ஏற்பாட்டினால்தான். இறைவன் பயிரைக் காக்கத் தந்த கவசம், சர்க்கரையைத் தேடிவரும் நமக்குப் பூட்டாகிவிடுகிறது.

இந்தப் பூட்டைத் திறக்காமல், வைக்கோலை வெறுமனே தூளாக்கி நொதியில் ஊற வைத்தால் அதில் உள்ள சர்க்கரையில் பெரும்பாலும் ஐந்தில் ஒரு பங்குகூடக் கிடைப்பதில்லை. முதலில் கவசத்தை நெகிழ்த்திவிட்டு நொதியைச் சேர்த்தால் ஐந்தில் நான்கு பங்கும் அதற்கு மேலும் பெற முடியும். இவ்வாறு நொதிக்கு வழிவிடும் முதல் வேலையை நாம் ‘முன்பக்குவம்’ என்று அழைப்போம். வைக்கோலின் கதையில் பாதி வெற்றி இந்த முன்பக்குவத்தில்தான் இருக்கிறது.

கூடாரத்தைத் தின்ற பூஞ்சை

செல்லுலோஸை அறுக்கும் கத்தரி நம்மிடம் இல்லை என்றோம். அது யாரிடம் இருக்கிறது? பூஞ்சைகளிடமும் சில பாக்டீரியாக்களிடமும் இருக்கிறது. இரண்டாம் உலகப் போரின்போது பசிபிக் பெருங்கடலின் சாலமன் தீவுப் பகுதியில் அமெரிக்கப் படையினரின் பருத்திக் கூடாரங்களும் உடைகளும் விரைவில் மக்கிப் போயின. காரணம் தேடியவர்களிடம் ஒரு பச்சைப் பூஞ்சை அகப்பட்டது. அமெரிக்க இராணுவத்தின் நாட்டிக் ஆய்வுக்கூடத்தில் எல்வின் ரீஸ் என்பவரும் மேரி மேண்டல்ஸ் என்ற பெண் விஞ்ஞானியும் அதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தனர். ரீஸின் நினைவாக 1977-இல் அதற்கு டிரைக்கோடெர்மா ரீசி என்று பெயர் சூட்டப்பட்டது. செல்லுலோஸை உடைக்கும் நொதிகளை உலகத் தொழிற்சாலைகள் இன்றும் பெரும்பாலும் இந்தப் பூஞ்சையின் வழித்தோன்றல்களிடமிருந்தே பெறுகின்றன. பகையாக வந்ததை வேலைக்காரனாக மாற்றிவிட்டார்கள்!

மேரி மேண்டல்ஸும் அவருடைய குழுவினரும் 1970-களில் பழைய செய்தித்தாளைச் சர்க்கரையாக்கிப் பார்த்தனர். வீரியமுள்ள நொதி கையில் இருந்தும் அவர்கள் தாளை அப்படியே போட்டுவிடவில்லை. குண்டுகள் உருளும் அரவை உருளையில் அதை நுண்தூளாக அரைத்த பிறகே நொதியைச் சேர்த்தனர். கத்தரி எவ்வளவு கூர்மையாக இருந்தாலும் நூல் வெளியே தெரிந்தால்தானே வெட்ட முடியும்?

முன்பக்குவத்தின் முறைகள்

முதலாவது, அரைத்தல். நறுக்குவதும் அரைப்பதும் நாரின் பரப்பைக் கூட்டுகின்றன. நம் ஊரில் ஆசிரமத்தின் கைத்தாள் தயாரிப்புக் கூடத்தில் பருத்தித் துணித் துண்டுகளை நீரில் அடித்துக் கூழாக்குவதும் நாரைப் பிரித்து விரிக்கும் வேலையே. ஆனால் வைக்கோலை மாவுபோல் அரைப்பதற்கு மின்சாரம் மிகுதியாகச் செலவாகும்.

இரண்டாவது, நீராவி. பொரி வறுப்பதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். சூடான மணலில் அரிசியின் உள்ளே இருக்கும் ஈரம் ஆவியாகி ஒரே கணத்தில் விரிய, அரிசி பொரிந்து மலர்கிறது. அதுபோலவே, நறுக்கிய வைக்கோலை மூடிய கலத்தில் இட்டு, ஏறத்தாழ 160 முதல் 220 டிகிரி வெப்பமுள்ள நீராவியை உயர்ந்த அழுத்தத்தில் செலுத்துகிறார்கள். சில நிமிடங்களுக்குப் பின் அழுத்தத்தைத் திடீரென விடுவித்ததும் நார்கள் வெடித்துப் பிரிகின்றன.

மூன்றாவது, அமிலம். பிராக்கொன்னோ பயன்படுத்தியதுபோன்ற அடர்ந்த அமிலம் இன்று தேவையில்லை. மிகவும் நீர்த்த அமிலத்தோடு சூடாக்கினாலே ஹெமிசெல்லுலோஸ் கரைந்து வெளியேறிவிடும். ஆனால் இங்கே பதம் முக்கியம். அதிரசத்துக்குப் பாகு காய்ச்சும்போது பதம் தப்பினால் பாகு தீய்ந்து கசப்பதில்லையா? அதுபோல வெப்பமும் அமிலமும் மிகுந்தால் சர்க்கரையே சிதைந்து ஃபர்ஃபுரால் போன்ற பொருள்களாக மாறும். அவை பின்னால் வரவிருக்கும் ஈஸ்ட்டுக்கு நஞ்சாகும்.

நான்காவது, காரம். சுண்ணாம்பு, காஸ்டிக் சோடா, அம்மோனியா ஆகியவை லிக்னினின் பிடியைத் தளர்த்துகின்றன. முதல் உலகப் போர்க் காலத்தில் ஜெர்மனியில் கால்நடைத் தீவனப் பஞ்சம் வந்தபோது, எர்ன்ஸ்ட் பெக்மன் என்ற வேதியியலார் வைக்கோலைக் காஸ்டிக் சோடாக் கரைசலில் ஊற வைத்து, கழுவி, மாடுகளுக்கு உகந்த தீவனமாக்கும் முறையை வகுத்தார். கரூர் மாவட்டம் காகிதபுரத்தில் உள்ள தமிழ்நாடு செய்தித்தாள் காகித ஆலை கரும்புச் சக்கையிலிருந்து தாள் செய்வதும் லிக்னினை நீக்கி நாரை எடுக்கும் இதே வழியில்தான். அங்கே நாரை அறுக்காமல் தாளாக்குகிறார்கள். நாம் பேசும் தொழிலில் அதே நாரை அறுத்துச் சர்க்கரையாக்குகிறார்கள்.

ஐந்தாவது, உயிரினங்களின் உதவி. வைக்கோலில் வளரும் சிப்பிக்காளான் லிக்னினையும் சிதைக்க வல்லது. மெதுவான வேலைதான், ஆனால் அமிலமும் வேண்டாம், உயர்ந்த அழுத்தமும் வேண்டாம். காளானும் கறிக்கு ஆகிறது.

(அமிலமும் காஸ்டிக் சோடாவும் கண்ணுக்கும் தோலுக்கும் கேடானவை. ஆசிரியை உடனில்லாமல் எவரும் இவற்றைத் தொடவே கூடாது.)

மாட்டுத் தொழுவத்தில் ஒரு வேதியியல் பாடம்

இவையெல்லாம் பெரிய ஆலைகளின் செய்திகள், நமக்கென்ன என்று எண்ணிவிட வேண்டாம். பாகூரிலும் நெட்டப்பாக்கத்திலும் வில்லியனூர்ப் பக்கத்துக் கிராமங்களிலும் ஒன்றிரண்டு கறவை மாடுகளை வைத்துக் குடும்பம் நடத்தும் தாய்மார்கள் எத்தனையோ பேர். கோடையில் பசும்புல் காய்ந்துவிட்டால் அவர்களுக்குத் துணை வைக்கோல்தான்.

மாட்டின் பெருவயிற்றில் கோடானுகோடி நுண்ணுயிர்கள் குடியிருக்கின்றன. செல்லுலோஸை அறுக்கும் நொதி அவற்றிடம் உண்டு. அவை நாரைச் சர்க்கரையாக உடைத்து, அந்தச் சர்க்கரையை உடனே புளிக்க வைத்துச் சில அமிலங்களாக மாற்றுகின்றன. அந்த அமிலங்களே மாட்டுக்கு ஆற்றலாகவும் பாலாகவும் ஆகின்றன. ஆனால் இங்கேயும் லிக்னின் பூட்டுக் குறுக்கே நிற்கிறது. வைக்கோலில் புரதமும் மிகக் குறைவு. ஆகவே வைக்கோலை மட்டும் தின்னும் மாட்டுக்கு வயிறு நிறையும், உடல் தேறாது, பால் வற்றும்.

இதற்குக் கால்நடைத் துறையினர் கற்றுத்தரும் எளிய முன்பக்குவம் யூரியா ஊட்டல். நூறு கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியாவை 65 லிட்டர் நீரில் முழுவதும் கரைத்துக்கொள்ள வேண்டும். வைக்கோலை அடுக்கடுக்காகப் பரப்பி, ஒவ்வோர் அடுக்கின்மேலும் கரைசலைச் சமமாகத் தெளித்து, நன்றாக மிதித்து அழுத்த வேண்டும். பின் காற்றுப் புகாதபடி பாலிதீன் தாளால் மூடி 21 நாட்கள் வைக்க வேண்டும். மூடிய குவியலில் யூரியாவிலிருந்து அம்மோனியா உண்டாகி, வைக்கோலுக்குள் ஊடுருவி, லிக்னினின் கட்டைத் தளர்த்துகிறது. வைக்கோல் மிருதுவாகிறது, மாடு விரும்பித் தின்கிறது, செரிமானமும் கூடுகிறது. அம்மோனியாவின் நைட்ரஜனில் ஒரு பகுதி வைக்கோலிலேயே தங்கிவிடுவதால் நுண்ணுயிர்கள் அதைக் கொண்டு புரதத்தையும் ஆக்கிக்கொள்கின்றன.

கவனிக்க வேண்டியவை மூன்று. யூரியாவை நேரடியாகத் தின்றால் அல்லது யூரியா நீரைக் குடித்தால் மாடு இறந்துபோகும்; ஆகவே அளவு தப்பக் கூடாது, யூரியா கரையாமல் இருக்கக் கூடாது. தேவையான வைக்கோலை எடுத்துச் சிறிது நேரம் காற்றாட வைத்து, நெடி போன பிறகே போட வேண்டும்; அதுவும் முதலில் கொஞ்சமாகக் கொடுத்துப் பழக்க வேண்டும். ஆறு மாதத்துக்கு உட்பட்ட கன்றுகளுக்கு இதைக் கொடுக்கவே கூடாது. குரும்பாப்பேட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரியும் பெருந்தலைவர் காமராசர் வேளாண் அறிவியல் நிலையமும் இருக்கின்றன. செய்து பார்க்க விரும்பும் குடும்பத்தார் இத்தகைய இடங்களில் நேரில் கேட்டறிந்து தொடங்குவது நல்லது.

நான்சி நகரத்துப் பிராக்கொன்னோவின் கலத்தில் நடந்ததும், பாகூர்த் தொழுவத்தில் நடப்பதும் அடிப்படையில் ஒன்றே. பூட்டைத் திற, சர்க்கரையை எடு!

வைக்கோலில் ஓடும் வண்டி

சர்க்கரை கிடைத்தபின் அதை ஈஸ்ட்டால் புளிக்க வைத்து வடித்தால் எத்தனால் என்னும் எரிசாராயம் கிடைக்கும். பெட்ரோலுடன் 20 விழுக்காடு எத்தனாலைக் கலக்கும் இலக்கை நம் நாடு 2025-இல் எட்டியது. இந்த எத்தனாலில் பெரும்பகுதி கரும்பிலிருந்தும் மக்காச்சோளம், அரிசி ஆகிய தானியங்களிலிருந்தும் வருகிறது. இங்கேதான் நெஞ்சை உறுத்தும் கேள்வி எழுகிறது. பசித்த வயிற்றுக்குப் போகவேண்டிய தானியம் வண்டியின் வயிற்றுக்குப் போகலாமா? கரும்புக்கு இறைக்கும் நீரை வேறு பயிர் கேட்காதா? தின்னாத வைக்கோலிலிருந்தே எத்தனால் எடுக்க முடிந்தால் இந்த உறுத்தல் குறையும் அல்லவா?

அரியானா மாநிலம் பானிப்பட்டில் இந்தியன் ஆயில் நிறுவனம் அமைத்த ஆலை அத்தகையது. 2022 ஆகஸ்டு 10-ஆம் நாள் அது நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. ஆண்டுக்குச் சுமார் 2 லட்சம் டன் வைக்கோலிலிருந்து சுமார் 3 கோடி லிட்டர் எத்தனால் எடுப்பது அதன் திட்டம். வகுத்துப் பாருங்கள்: ஒரு டன்னுக்கு 150 லிட்டர். பஞ்சாபிலும் அரியானாவிலும் அறுவடைக்குப் பின் வயலில் வைக்கோலைக் கொளுத்துவதால் எழும் புகை, தில்லி வரை சென்று குழந்தைகளின் மூச்சைத் திணற வைப்பதை ஆண்டுதோறும் செய்தித்தாளில் படிக்கிறோம். கொளுத்துவதை வாங்கிக்கொள்ள ஓர் இடம் இருந்தால் உழவருக்கும் காசு, ஊருக்கும் நல்ல காற்று. அசாம் மாநிலம் நுமாலிகட்டில் 2025 செப்டம்பர் 14 அன்று திறக்கப்பட்ட ஆலையோ மூங்கிலை மூலப்பொருளாகக் கொள்கிறது. அங்கே முன்பக்குவத்துக்கு உதவுவது ஃபார்மிக் அமிலம். எறும்பு கடித்தால் சுரீரென்று எரிவதும் அதே அமிலத்தால்தான்!

ஆனால் இந்தத் தொழில் எளிதன்று என்பதையும் சொல்ல வேண்டும். வயல் வயலாகச் சிதறிக் கிடக்கும் வைக்கோலைக் கட்டி, மழையில் நனையாமல் சேர்த்து, ஆலைக்குக் கொண்டுபோவதே பெரிய பாடு. அதிலுள்ள சிலிக்கா இயந்திரங்களைத் தேய்க்கும். நொதிகளின் விலையும் குறைவன்று. முன்பக்குவத்துக்கு வேண்டிய நீராவியும் அமிலமும் பணத்தைத் தின்னும். எவ்வளவு குறைந்த செலவில் எவ்வளவு பூட்டைத் திறக்கலாம் என்பதே விஞ்ஞானிகளின் இன்றைய போராட்டம். மேலும், வைக்கோல் முழுவதையும் ஆலைக்கே கொடுத்துவிடவும் முடியாது. மாட்டின் பங்கை மாட்டுக்கும், மண்ணின் பங்கை மண்ணுக்கும் விட்ட பிறகு எஞ்சுவதே ஆலையின் பங்கு.

நாம் பெறும் பாடம்

இயேசு பெருமான் ஐயாயிரம் பேருக்கு அப்பத்தைப் பகிர்ந்தளித்த பின், மீந்த துண்டுகளும் வீணாகாதபடி சேர்த்து வைக்கச் சொன்னார் என்றும், அவை பன்னிரண்டு கூடைகள் நிறைந்தன என்றும் மறைக்கல்வி வகுப்பில் படித்திருக்கிறோம். வேண்டிய அப்பத்தையெல்லாம் அளிக்க வல்லவரே மீதியைப் பொருட்படுத்தினார் என்றால், நாம் எதையும் குப்பை என்று தள்ளுவதற்கு முன் ஒருமுறை எண்ணிப் பார்க்க வேண்டாமா?

இன்னொன்றும் உண்டு. முன்பக்குவம் யார் கண்ணிலும் படாத வேலை. இறுதியில் கிடைக்கும் சர்க்கரையையும் பாலையும் எல்லோரும் புகழ்வர். 21 நாட்கள் மூடிக் கிடந்த வைக்கோலை எவரும் நினைப்பதில்லை. ஆனால் அந்த 21 நாட்கள் இல்லாவிட்டால் பின்னால் எதுவுமே இல்லை. நம் படிப்பும் பயிற்சியும் அப்படிப்பட்ட காலமே.

தோழியரே! நம்மிடையே நாளை ஒரு மேரி மேண்டல்ஸ் தோன்றலாம். மலிவான முன்பக்குவம் ஒன்றை அவள் கண்டுபிடித்தால், பஞ்சாபின் வயலில் தீ அணையும். பாகூரின் தொழுவத்தில் பால் பெருகும். அதற்கு முதற்படியாக, அறுவடை நாளில் நம் கொம்யூன் வயல்களைக் கடக்கும்போது வைக்கோல் போரைச் சற்று நின்று பார்ப்போம். நாம் பார்ப்பது வெறும் தாளன்று. பூட்டிவைத்த சர்க்கரைப் பானை!